கயிறு யார் பிடிப்பது? ஆழ்கடலுக்கு ஆள் போகும் மத்ஸ்யா பற்றி வாப்பா கேட்ட மூன்று கேள்விகள்

கீழக்கரை_சங்கு | ஞாயிறு இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வாப்பா முப்பத்தைந்து வருடம் சங்கு குளித்தவர். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை வரைக்கும் அவர் இறங்காத பார் (கடலடித் திட்டு) கிடையாது. இப்போது வயது அறுபத்தைந்து. வலது காது சுத்தமாகக் கேட்காது. பத்துப் பாகத் தண்ணீரில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஒருநாள் சளியோடு இறங்கியிருக்கிறார். உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். மேலே வந்தபோது காதில் இரத்தம். அன்றோடு அந்தக் காது போனது. அதற்குப் பிறகும் இருபது வருடம் குளித்தார்.

நேற்று அவருக்கு ஒரு காணொளி போட்டுக் காட்டினேன். 2025 ஆகஸ்டில் நம் நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் பிரான்சின் 'நாட்டீல்' நீர்மூழ்கியில் அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கினார்களே, அந்தச் செய்தி. தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டர் போயிருக்கிறார். மறுநாள் ஓய்வுபெற்ற கடற்படை கமாண்டர் ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டர். நம்முடைய 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோகப் போகிறது, அதற்கான பயிற்சிதான் இது என்று சொன்னேன்.

வாப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். 6,000 மீட்டர் என்றால் சுமார் மூவாயிரத்து முந்நூறு பாகம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மூன்று கேள்வி கேட்டார்.

"அவங்க காது என்ன ஆகும்?"

"மேல கயிறு யாரு பிடிக்கிறது?"

"அவ்வளவு தூரம் போயி எதை எடுக்கப் போறாங்க?"

எனக்கு எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே கப்பலில் வேலை பார்ப்பவர்களும் படித்தவர்களும் இருக்கிறீர்கள். வாப்பாவுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி யாராவது எழுதுவீர்களா?

கப்பல்_எஞ்சின் | ஞாயிறு இரவு 10.02

தங்கச்சி, நான் தொண்டிக்காரன். சரக்குக் கப்பலில் எஞ்சினியர். காதுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால், நம்மைச் சுற்றியுள்ள காற்று கொடுக்கிற அழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு பங்கு கூடும். உங்கள் வாப்பா இறங்கிய பத்துப் பாகம் சுமார் 18 மீட்டர். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டே முக்கால் மடங்குக்கும் சற்று அதிகம். அவர் நெஞ்சில் அடக்கிக்கொண்டு போன ஆறு லிட்டர் மூச்சு, அங்கே இரண்டு லிட்டர் சொச்சமாகச் சுருங்கிவிடும். காதுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் சுருங்கும். செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். மூக்கைப் பிடித்து ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குக் காற்று போய்ச் சரியாகும். சளி பிடித்திருந்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும், பறை கிழியும். உங்கள் வாப்பாவுக்கு நடந்தது இதுதான்.

மத்ஸ்யாவில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் உட்காரும் உருண்டை மேலே மூடப்படும்போது உள்ளே நம் ஊர்க் காற்றுதான் இருக்கும். 6,000 மீட்டரிலும் உள்ளே அதே அழுத்தம். வெளியே அறுநூறு மடங்கு இருந்தாலும் அதை உருண்டையின் சுவர் தாங்கிக்கொள்ளும், ஆளுக்கு அது தெரியாது. மூச்சுக்குச் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அளவாகக் கசியும். நாம் விடும் கரியமில வாயுவை ஒரு ரசாயனம் உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்ப்ரசர் வைத்துக் குழாயைக் கடித்துக்கொண்டு குளிக்கும் தம்பிகள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஆழத்தில் அழுத்தக் காற்றை மணிக்கணக்கில் மூச்சாக இழுத்தால் நைட்ரஜன் இரத்தத்தில் கரையும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழ் கிளம்பும். மூட்டு வலி, கை கால் விழுந்துபோவது எல்லாம் அதனால் வருவதுதான். எங்கள் தெருவிலேயே ஒருவர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கிறார். நீர்மூழ்கி உருண்டைக்குள் இருப்பவர் அழுத்தக் காற்றை மூச்சில் இழுப்பதே இல்லை. அதனால் 6,000 மீட்டரிலிருந்து நேராக மேலே வந்து மூடியைத் திறந்து இறங்கி நடக்கலாம். தயவுசெய்து கம்ப்ரசர் குளியல் செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒருமுறை யோசியுங்கள்.

மண்டபம்_வாத்தியார் | ஞாயிறு இரவு 10.40

அறுநூறு மடங்கு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்காது. வகுப்பில் நான் சொல்கிற கணக்கை இங்கேயும் வைக்கிறேன்.

6,000 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது சுண்டுவிரல் நகம் அளவு இடத்துக்கு, சுமார் 600 கிலோ. நம் புதிய பாம்பன் பாலத்தில் கப்பல் போக மேலே தூக்குகிறார்களே, 72.5 மீட்டர் நீளத் துண்டு, அதன் எடை 660 டன். வீட்டில் ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு தாம்பாளம் இருக்கும் அல்லவா? அந்தத் தாம்பாளத்தின் மேல் அந்தப் பாலத் துண்டு முழுவதும் ஏறி நிற்பது போல. உருண்டையின் ஒவ்வொரு தாம்பாள அளவுக்கும், எல்லாப் பக்கமும், கீழேயும்கூட அப்படித்தான்.

மத்ஸ்யா உருண்டையின் உள் குறுக்களவு 2.1 மீட்டர். சுவர் 80 மில்லிமீட்டர் டைட்டானியக் கலவை. முழு மேற்பரப்புக்கும் கூட்டினால் தொண்ணூறாயிரம் டன்னைத் தாண்டுகிறது. பிள்ளைகள் இந்த இடத்தில் தவறாமல் கேட்பது, 'ஏன் சார் உருண்டை, படகு மாதிரி செய்யக் கூடாதா?' முட்டையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சீராக அமுக்கச் சொல்வேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும் பாரத்தை உருண்டை பங்கிட்டுக்கொள்ளும். தட்டையாக ஓர் இடம் இருந்தால் முதலில் அது உள்வாங்கும்.

பட்டறை_ராம்நாடு | திங்கள் காலை 6.25

வாத்தியார் கணக்கைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் வெல்டர். பதினொரு வருடம் வளைகுடாவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் டைட்டானியம் குழாய் ஒட்டியிருக்கிறேன். அந்த உலோகத்தைக் கையால் தொட்டவன் என்ற முறையில் நான்கு வரி.

டைட்டானியம் சூடாக இருக்கும்போது காற்று பட்டால் கெட்டுப்போகும். ஆர்கான் வாயுவை முன்னாலும் பின்னாலும் விட்டுக்கொண்டேதான் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும் தையலின் நிறத்தைப் பார்ப்போம். வெள்ளி போல மின்னினால் சரி. வைக்கோல் நிறம் வந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். நீலம் வந்தால் இன்ஸ்பெக்டர் முகம் மாறும். வெள்ளைச் சாம்பல் பூத்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று மில்லி குழாய்க்கே இந்தப் பாடு. ஒருமுறை கையுறையில் இருந்த வியர்வை பட்டு ஒரு மூட்டு முழுவதும் போனது.

80 மில்லி சுவர் என்றால் மூன்று அங்குலத்துக்கும் மேல். அதை ஆர்கானில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வந்தால் எந்த அடுக்கில் எங்கே குறை ஒளிந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. அதனால்தான் இஸ்ரோவிடம் போயிருக்கிறார்கள். காற்றை முழுவதும் உறிஞ்சிவிட்ட அறைக்குள் வைத்து எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி இரண்டு அரைக்கோளத்தையும் ஒட்டுகிறார்கள். காற்றே இல்லை என்பதால் கெட்டுப்போக வழியில்லை. கற்றை முழுக் கனத்தையும் ஒரே ஓட்டத்தில் துளைத்து ஒட்டிவிடும். தையலும் ஒல்லியாக இருக்கும், சுற்றியுள்ள உலோகம் அதிகம் சூடாகாது.

அந்தத் தையலை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேறு ஒன்றும் இல்லை.

பாம்பன்_வலை | திங்கள் மதியம் 1.15

எல்லோரும் பெருமையாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் நாட்டுப்படகு மீனவன். இந்த மத்ஸ்யாவையும் சேர்த்து ஆழ்கடல் திட்டம் முழுவதற்கும் 2021-இல் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது ஐந்து வருடத்துக்கு 4,077 கோடி. சரி, நல்லது. ஆனால் மூன்று வருடம் முன்னால் என் சித்தப்பா மகன் தொழிலுக்குப் போனவன் சோழகக் காற்றில் சிக்கித் திரும்பவில்லை. தேடச் சொல்லி ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே படகுப் பதிவுத் தாள், டோக்கன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் போனது. கடைசியில் நாங்களே பதினாலு படகு எடுத்துப் போய்த் தேடினோம். நான்காம் நாள் படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

இருபது முப்பது மீட்டர் தண்ணீரில் தொலைந்தவனைத் தேட ஆளில்லாத ஊரில் நின்றுகொண்டு ஆறாயிரம் மீட்டரைப் பற்றிக் கேட்கும்போது மனது ஒட்டவில்லை.

அப்புறம் இன்னொரு சந்தேகம். ஆள் எதற்கு? ரோபோவை அனுப்பலாமே? கடைசியில் கீழே கிடக்கிற உலோகத்தை அள்ளத்தானே இதெல்லாம்? சேதுக் கால்வாய் என்று தோண்ட வந்தபோதும் முதலில் ஆராய்ச்சி என்றுதான் சொன்னார்கள்.

ஏர்வாடி_மாணவி | திங்கள் இரவு 8.50

அண்ணே, உங்கள் தம்பியைப் பற்றிப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. அந்த இரண்டு நாளுக்கு ஈடாக யாரும் எந்த நியாயமும் சொல்ல முடியாது. கரையோரத் தேடுதலுக்கு வேண்டியது தனியாகக் கேட்டுப் பெற வேண்டியது, அதில் நான் உங்கள் பக்கம்.

நான் சென்னையில் கடல் உயிரியல் படிக்கிறேன். 'ஆள் எதற்கு' என்பது எங்கள் வகுப்பிலும் தீராத சண்டை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரோபோ நம்மிடம் இல்லாமல் இல்லை. ரோசப் 6000 என்ற கம்பிவட ரோபோ 2010-இலேயே 5,289 மீட்டர் வரை போய்விட்டது. ஓஎம்இ 6000 என்று வடமே இல்லாமல் தானே ஓடுகிற ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய இந்தியப் பெருங்கடல் முகட்டில் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீர் கக்கும் ஊற்றை அதுதான் படம் பிடித்தது. பெரிய பரப்பைத் துழாவ, வரைபடம் போட, நாள்கணக்கில் சலிக்காமல் ஓட ரோபோதான் நல்லது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் 1977-ஐப் பாருங்கள். கலாபகஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் கடலடி வெந்நீர் ஊற்று இருக்குமா என்று தேடிப் போனார்கள். முதலில் கப்பலிலிருந்து இழுத்துக்கொண்டு போன கேமரா ஆயிரக்கணக்கில் படம் எடுத்தது. அதில் சில படங்களில் மட்டும் குவியலாகச் சிப்பி. அந்த இடத்துக்கு 'ஆல்வின்' நீர்மூழ்கியில் மூன்று பேர் இறங்கினார்கள். சுமார் 2,500 மீட்டர். சூரிய வெளிச்சம் ஒரு சொட்டும் எட்டாத இடம். அங்கே வெந்நீர் கசியும் பிளவுகளைச் சுற்றிச் சிப்பிகளும், நண்டுகளும், செந்நிற நுனி நீட்டிய குழாய்ப் புழுக்களும் கூட்டம் கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தன. வெயிலை நம்பாமல், ஊற்றில் வரும் ஹைட்ரஜன் சல்பைடை வைத்துப் பாக்டீரியா உணவு தயாரிக்க, அதை நம்பி இத்தனை உயிர். உயிர் என்றால் வெயில் வேண்டும் என்று பாடத்தில் எழுதியிருந்ததை மாற்ற வேண்டி வந்தது.

அந்தப் பயணத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பாறை ஆராய்ச்சிக்காரர்கள், உயிரியல் ஆள் யாரும் கப்பலில் இல்லை. உயிர்களைப் பதப்படுத்தி வைக்கப் போதுமான மருந்துத் திரவம்கூட இல்லாமல், வழியில் வாங்கி வைத்திருந்த வோட்கா மதுவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். எதைத் தேடப் போகிறோம் என்று தெரியாமல் போனவர்கள், கண்ணால் கண்டதும் நின்று, திரும்பி, கிட்டே போய்ப் பார்த்தார்கள். கேமரா பார்க்கிற சதுரத்துக்கு வெளியே ஓரக்கண்ணில் அசைவது மனிதனுக்குத் தெரியும்.

கீழக்கரை அக்கா, உங்கள் வாப்பா மணலில் சங்கை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டுச் சொல்வீர்களா?

கீழக்கரை_சங்கு | செவ்வாய் காலை 7.30

கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினார்.

சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும், மேலே தெரியாது. அது ஊர்ந்து போன தடம் மட்டும் தெரியும். நீவாடு (நீரோட்டம்) அதிகமாக இருந்தால் அந்தத் தடமும் அழிந்துபோகும். அப்போது மணல் மேடு லேசாக ஒரு பக்கம் சரிந்திருப்பதைப் பார்க்க வேண்டுமாம். "படத்துல பாத்தா மணலுதான் தெரியும். நான் அதுக்கு மேல நீந்திப் போகும்போது என் நிழலு விழுற இடத்துல தெரியும்" என்றார். கையைத் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்து மெதுவாக நகர்த்திக் காட்டினார். நீந்துவதற்காகக் காலில் தகடு கட்டியிருந்தாலும் மணலைக் கிளப்பாமல் போக வேண்டும். கிளப்பினால் கால் மணி நேரம் அந்த இடம் கலங்கலாகவே கிடக்கும்.

ஏர்வாடித் தங்கச்சி எழுதியதை வாசித்துக் காட்டியதும் வாப்பா சொன்னது: "அப்ப சரி, போகத்தான் வேணும்."

பாம்பன் அண்ணன் எழுதியதையும் வாசித்தேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் தம்பிக்காகத் துஆ செய்தார்.

பாம்பன்_வலை | செவ்வாய் மாலை 5.40

வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. வலை போடுகிறவனும் தண்ணீர் நிறத்தைப் பார்த்துத்தான் போடுகிறான். உலோகக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

ஏர்வாடி_மாணவி | செவ்வாய் இரவு 9.20

மறைக்க ஒன்றுமில்லை அண்ணே, நேராகச் சொல்கிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டரில் பல்லுலோக உருண்டைகளை ஆராய இந்தியாவுக்கு உரிமை இருக்கிறது. உருளைக்கிழங்கு அளவில் கறுப்பாகத் தரையில் இறைந்து கிடக்கும். மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் இருக்கிறது. அவற்றை அள்ளச் செய்த 'வராஹா' என்ற ஊர்தியை 2021-இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் கிடையாது. இடம் நம் மன்னார் வளைகுடாவிலிருந்து வெகு தூரம் என்பது மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

என் கருத்து இது. அந்த உருண்டை சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் வருடம் பிடிக்கும். அதன் மேல் ஒட்டி வாழ்கிற உயிர்கள் இருக்கின்றன. உங்கள் வாப்பா சொன்ன கலங்கல் இருக்கிறதே அக்கா, நீவாடு மெதுவாக இருக்கும் அந்த ஆழத்தில் இயந்திரம் கிளப்பும் கலங்கல் எவ்வளவு நாள் மிதக்கும், எதன் மேல் போய்ப் படியும் என்பதுதான் பெரிய கவலை. கடலடி உரிமையைக் கவனிக்கும் சர்வதேச ஆணையம் வெட்டி எடுப்பதற்கான விதிகளை இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. விதி வருவதற்கு முன்னால் அங்கே என்ன வாழ்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். நான் மத்ஸ்யா உருண்டைக்குள் உட்கார ஆசைப்படுவது அதற்காகத்தான். அள்ளக் கூடாது என்று கண்டால் அள்ளக் கூடாது என்று எழுதுவேன்.

உச்சிப்புளி_22 | செவ்வாய் இரவு 10.05

நான் ஐடிஐ மாணவன். 2023-இல் டைட்டானிக் பார்க்கப் போன 'டைட்டன்' நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்களே. அதே மாதிரி இதற்கும் ஆகாதா?

பட்டறை_ராம்நாடு | செவ்வாய் இரவு 10.30

தம்பி, அதன் நடு உடம்பு உருளை வடிவம். செய்த பொருள் கார்பன் நார். நார் என்பது இழுத்தால் பலமாக நிற்கும், கயிறு மாதிரி. அமுக்கும்போது அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் பிரியப் பார்க்கும். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டே வந்தால் வெளியே தெரியாது. எந்த வகைப்பாட்டு நிறுவனமும் அதைச் சோதித்துச் சான்று கொடுக்கவில்லை. நம்முடையது உலோக உருண்டை, சான்று வாங்கிச் செய்வது. ஆல்வின், நாட்டீல், ஜப்பானின் சிங்காய் 6500 எல்லாமே ஆள் உட்காரும் இடத்துக்கு டைட்டானிய உருண்டைதான். ஆல்வின் 1964-இலிருந்து ஓடுகிறது. அதில் யாரும் இறந்ததில்லை.

சான்று கொடுக்க வருகிற இன்ஸ்பெக்டரை நாங்கள் வேலையிடத்தில் திட்டியிருக்கிறோம். டைட்டன் செய்தி வந்த அன்று நான் திட்டிய ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டேன்.

கீழக்கரை_சங்கு | புதன் காலை 7.10

இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. வாப்பா தினமும் அதையே கேட்கிறார். காரணம் இருக்கிறது.

வாப்பாவின் வாப்பா தூத்துக்குடி முத்துக்குளிப்பில் இறங்கியவர். 1961-இல் நடந்த கடைசிக் குளிப்பு வரை போயிருக்கிறார். அப்போது முகக்கண்ணாடியோ தகடோ கிடையாது. ஒரு கயிற்றில் கல், இன்னொரு கயிறு அவர் இடுப்பில். கல்லில் காலை வைத்ததும் மேலே இருப்பவர் விடுவார், கல்லோடு சரசரவென்று கீழே போய்விடுவார். தரையில் காலூன்றியதும் கல்லை விட்டுவிட வேண்டும், மேலே இழுத்துக்கொள்வார்கள். மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றைச் சுண்டினால் ஆளைத் தூக்குவார்கள்.

கயிறு பிடிப்பது எப்போதும் மச்சான்தான். அக்கா தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்று நினைக்கிறவன் கவனத்தை வேறு எங்கும் விடமாட்டான். அதனால்தான் வாப்பா 'யார் பிடிப்பது' என்று கேட்கிறார், 'எது' என்று கேட்கவில்லை.

கப்பல்_எஞ்சின் | புதன் இரவு 9.45

பணிக்கு இடையில் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறேன். வாப்பாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.

கயிறு கிடையாது. மத்ஸ்யா எதிலும் கட்டப்படாமல் தனியாகத்தான் போகும். ஆறு கிலோமீட்டர் வடம் கட்டினால் அந்த வடத்தின் எடையும் நீரோட்டம் அதை இழுக்கும் இழுப்புமே பெரிய ஆபத்து.

ஆனால் உங்கள் பெரியவர் செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது. பாரக்கட்டிகளோடு கீழே இறங்கும், மேலே வர வேண்டும் என்றால் கட்டியைக் கழற்றிவிடும். அதே கல். 6,000 மீட்டர் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். உருண்டையைச் சுற்றி ஒரு விதமான மிதவைப் பொருள் வைத்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் குழைத்து இறுக்கியது. சாதாரண தெர்மாகோல் அந்த ஆழத்தில் சப்பிப்போகும், இது சப்பாது. கட்டி கழன்றால் அந்த மிதவை தானே மேலே தூக்கிக்கொண்டு வரும். மின்சாரம் போனாலும் மோட்டார் நின்றாலும் தூக்கும்.

சுண்டுவதற்குக் கயிறு இல்லாததால் ஒலி. கடல்நீருக்குள் ரேடியோ அலை அதிக தூரம் போகாது. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆகவே கீழே இருப்பவர் 'நலம்' என்று சொன்னால் கப்பலில் கேட்க நான்கு வினாடி. கப்பலின் பதில் கீழே போய்ச் சேர இன்னும் நான்கு.

ஒரு முறை போய்வர 12 மணி நேரம் கணக்கு. ஏதாவது சிக்கிக்கொண்டால் 96 மணி நேரத்துக்கு மூச்சுக்காற்று இருக்கும்படி செய்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மத்ஸ்யாவைத் தண்ணீரில் இறக்கி ஆளோடும் ஆளில்லாமலும் சோதித்தார்கள்.

கயிறு யார் பிடிக்கிறார்கள் என்றால், மேலே கப்பலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான். பன்னிரண்டு மணி நேரமும் அவருக்கு வேறு வேலை கிடையாது.

ஏர்வாடி_மாணவி | வியாழன் காலை 6.50

எஞ்சின் அண்ணன் சொன்னதோடு இரண்டு சம்பவம் சேர்க்கிறேன், வாப்பாவுக்குப் பிடிக்கும்.

1968 அக்டோபரில் ஆல்வினைக் கப்பலிலிருந்து கடலில் இறக்கும்போது தூக்கியிருந்த கம்பி அறுந்தது. மூடி திறந்தே இருந்ததால் தண்ணீர் உள்ளே புகுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் வெளியே தாவித் தப்பினார்கள். நீர்மூழ்கி சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு மேலே எடுத்தபோது உள்ளே விட்டுவந்த மதியச் சாப்பாடு, ரொட்டியும் இறைச்சியும், ஊறிப்போயிருந்ததே தவிரக் கெட்டிருக்கவில்லை. ஆழ்கடலில் பொருள்கள் மக்குவது எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று அதிலிருந்துதான் ஆராய ஆரம்பித்தார்கள்.

1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் பைசீஸ் 3 என்ற சிறிய நீர்மூழ்கி வேலையை முடித்துவிட்டு மேலே வந்துவிட்டது. கப்பலோடு கட்டி இழுக்கும் கயிறு பின்பக்க அறையின் மூடியில் மாட்டி அதைப் பிடுங்கிவிட்டது. தண்ணீர் ஏறி 480 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. உள்ளே இரண்டு பேர். பேசினால் காற்று செலவாகும் என்று அசையாமல் படுத்துக் கிடந்தார்கள். மூன்று நாளுக்கு மேல் ஆகித் தூக்கினார்கள். அப்போது பன்னிரண்டு நிமிட ஆக்சிஜன்தான் மிச்சம்.

கீழக்கரை_சங்கு | வியாழன் இரவு 9.30

இரண்டு பதிவையும் மஃரிப் முடிந்ததும் வாசித்தேன். உம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள்.

கல்லைக் கழற்றிவிட்டு மேலே வருவது என்று வாசித்ததும் வாப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். நான்கு வினாடி, நான்கு வினாடி என்று வந்த இடத்தில் விரலை மடக்கி எட்டு எண்ணினார். ரொம்ப நேரம்தான் என்றார்.

அப்புறம் அந்த இரண்டு விபத்து. கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டும் கீழ நடக்கல பாத்தியா. இறக்கும்போது ஒண்ணு, ஏத்தும்போது ஒண்ணு. எங்களுக்கும் அப்படித்தான். தரையில இருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது. வள்ளத்துப் பக்கத்துல வந்தவனைத்தான் அலை தூக்கி வள்ளத்துல அடிக்கும்." அவருடைய கூட்டாளி ஒருவர் அப்படித்தான் போனார். மூச்சு மிச்சம் இருந்ததாம், தலை வள்ளத்தின் அடியில் மோதியிருக்கிறது.

வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் அந்த வண்டியை இறக்கக் கூடாது, மாசி பங்குனியில் இறக்கச் சொல்லு என்கிறார். முத்துக்குளிப்பும் மார்ச், ஏப்ரலில்தான் நடக்கும், கடல் அப்போதுதான் தட்டு மாதிரி கிடக்கும்.

கப்பல்_எஞ்சின் | வியாழன் இரவு 10.15

தங்கச்சி, வாப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அலை எழும்பும்போது பல டன் எடையைக் கடலிலிருந்து தூக்கிக் கப்பலில் வைப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான நிமிடங்கள். கொக்கி மாட்ட ஒருவர் நீந்திப் போக வேண்டியிருக்கும். அவரைப் பற்றிச் செய்தியில் யாரும் எழுதமாட்டார்கள்.

பாம்பன்_வலை | வெள்ளி காலை 5.50

கடலுக்குப் போகும் முன் எழுதுகிறேன். அந்த நீந்துகிற ஆள் வேலைக்கு நம் பிள்ளைகளை எடுப்பார்களா? அலையில் கயிறு வாங்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. யாருக்காவது விவரம் தெரிந்தால் போடுங்கள்.

ஏர்வாடி_மாணவி | வெள்ளி மதியம் 3.05

துறையில் கேட்டுச் சொல்கிறேன் அண்ணே, மறக்கமாட்டேன்.

கீழக்கரை அக்கா, அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். வாப்பா சங்குத் தடம் பற்றிச் சொன்னதை அவர் வாயாலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். வரலாமா?

கீழக்கரை_சங்கு | வெள்ளி இரவு 8.40

தாராளமாக வாருங்கள். அஸர் முடிந்த பிறகு வந்தால் நல்லது, அப்போதுதான் அவர் நிறையப் பேசுவார். இடது பக்கமாக உட்காருங்கள், வலது காது கேட்காது.